சிதைவு என்று எழுதாதீர்கள்: மனநலச் சொற்களை ஆக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மனநல மருத்துவப் படிவங்களையும் அவற்றுக்கான கலைச்சொற்களையும் தமிழில் ஆக்கித் தரும் குழுவினருக்கும், அவற்றுக்கு ஒப்புதல் அளித்து அச்சுக்கு அனுப்பும் அலுவலர்களுக்கும்,

என் தம்பிக்குக் கடந்த பங்குனி மாதம் புதிய தொடர்சிகிச்சை அட்டை ஒன்று வழங்கப்பட்டது. பதினேழு ஆண்டுகளாக அவன் மருத்துவமனைக்கு எடுத்துச் சென்ற பழைய நோட்டில், நோயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப் 20’ என்ற குறியீடு மட்டும் இருக்கும்; அது எதைக் குறிக்கிறது என்று அவனும் கேட்டதில்லை, எவரும் சொன்னதுமில்லை. புதிய அட்டை முழுக்கத் தமிழில் இருந்தது. மேலட்டையிலேயே, அவன் பெயருக்கும் வயதுக்கும் கீழே, ‘நோய்: மனச்சிதைவு’ என்று கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. ஆங்கிலத்தில் ஸ்கிசோஃப்ரீனியா எனப்படும் மனநோய்க்கு வைத்திருக்கும் தமிழ்ப்பெயர் அது. மருந்து வாங்கும் வரிசையில் நின்றபடி அவன் அதை இரண்டு முறை வாய்க்குள் வாசித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “எக்கா, எம் மனசு செதஞ்சா போச்சு?” என்று கேட்டான்.

நான் அரசுப் பள்ளியில் 24 ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். சொல்லுக்குப் பொருள் கேட்டு வந்த எந்தப் பிள்ளையையும் விடை சொல்லாமல் அனுப்பியதில்லை. அன்று தம்பிக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், வரிசை நகர்வதைச் சாக்காக வைத்து, “முன்னால போ” என்று மட்டும் சொன்னேன். அவனும் அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து அவன் படுக்கையை உதறும்போது தலையணை உறைக்குள்ளிருந்து ரிஸ்பெரிடோன் மாத்திரைகள் உதிர்ந்தன. எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது இருந்தன. “செதஞ்சத ஒட்டவா முடியும்? பொறவு எதுக்கு மாத்திர?” என்பதே அவன் சொன்ன காரணம். அதற்குள், பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் அவன் காதில் கேட்கும் குரல்கள் திரும்பியிருந்தன. பலசரக்குக் கடையில் கணக்கெழுதும் வேலையை எட்டு ஆண்டுகளாக ஒழுங்காகப் பார்த்துவந்தவன், இரண்டரை மாதம் வீட்டுப்படி இறங்கவில்லை.

ஒரு சொல் மட்டுமே அவனை வீழ்த்திற்று என்று நான் வாதிடவில்லை. மருந்தால் கூடிய எடை, விரல் நடுக்கம், காலையில் எழ முடியாத அசதி ஆகியவற்றால் அவனுக்கு முன்பே சலிப்பு இருந்தது. அதற்கு முன்னரும் இரு முறை மாத்திரையை நிறுத்தியிருக்கிறான். ஆனால் அந்த இரு முறையும் அவன் சொன்ன காரணம், “எனக்குச் சரியாயிட்டு” என்பதாக இருந்தது. இம்முறை, சரியாகவே ஆகாது என்பதைக் காரணமாகச் சொன்னான். அந்த முடிவை அவனுக்கு அளித்தது நீங்கள் அச்சிட்டுக் கொடுத்த அட்டை.

பழையபடி ஆங்கிலக் குறியீட்டுக்கே திரும்புங்கள் என்று கேட்பதற்காகவும் நான் எழுதவில்லை. தன் நோயை இன்னதென்று தன் மொழியில் அறிந்துகொள்வது நோயாளியின் உரிமை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அதன் 22ஆம் பிரிவில், தன் நோயின் தன்மையையும் அளிக்கப்படவிருக்கும் சிகிச்சையையும் தனக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் அறிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்கு வழங்குகிறது. தமிழில் அட்டை அச்சிட முன்வந்தவர்கள் இந்த உரிமையை மதித்தே செய்திருப்பார்கள் என்று நம்புகிறேன். அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, நோயைப் பற்றிய செய்திகள் மறைவாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. மேலட்டையில் நோயின் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டால் அந்த மறைவு எங்கே இருக்கிறது? பேருந்தில் சலுகைச் சீட்டுக்காக அட்டையை நீட்டியபோது, நடத்துநர் அதை உரக்க வாசித்துவிட்டு, “இவர தனியா விடலாமா?” என்று என்னிடம் கேட்டார். நடத்துநர் நல்ல மனிதர், அக்கறையோடுதான் கேட்டார். பேருந்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் இருவர் எங்கள் தெருக்காரர்கள்.

இனி, சொல்லுக்கு வருகிறேன். ‘சிதைவு’ என்று தமிழில் எப்போது சொல்கிறோம்? பாழடைந்த கோயிலைச் சிதைவு என்கிறோம். விபத்தில் அடையாளம் தெரியாமல் போன உடலைச் சிதைந்த உடல் என்று செய்தித்தாள் எழுதுகிறது. கருச்சிதைவு என்பதை எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை. போனது திரும்பாது என்பதே அதன் பொருள். சுடுகாட்டில் பிணத்தைக் கிடத்தும் விறகடுக்குக்கும் சிதை என்றே பெயர். இத்தனையும் அந்த ஓசையோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. மனம் என்ற சொல்லோடு சிதைவைச் சேர்த்துவிட்டால், தமிழ் தெரிந்த எவருக்கும் அது ஒரு நோயின் பெயராகக் கேட்காது. முடிந்துபோன ஒன்றைப் பற்றிய தீர்ப்பாகவே கேட்கும். ‘சர்க்கரை நோய்’ என்ற பெயரில் தீர்ப்பு இல்லை. ஆகவேதான் ‘எனக்கு சுகர் இருக்கு’ என்று கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறது.

இந்தச் சொல் மூலச்சொல்லுக்கும் நேர்மையாக இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பெலின் இந்த நோயை ‘டிமென்ஷியா ப்ரீகாக்ஸ்’ என்ற பெயரில் வகுத்தார். இளம் வயதிலேயே வரும் அறிவழிவு என்று அதற்குப் பொருள். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் மனநல மருத்துவமனையை நடத்திய ஓய்கன் ப்ளாய்லர், நோயாளிகளோடு பல ஆண்டுகள் பழகியவர். அந்தப் பெயர் பொருந்தவில்லை என்று கண்டார். எல்லோருக்கும் இளமையில் வருவதில்லை, எல்லோருக்கும் அறிவு அழிவதுமில்லை. எனவே 1908இல் ‘ஸ்கிசோஃப்ரீனியா’ என்ற புதுச்சொல்லை முன்வைத்தார். 1911இல் அதை விரித்து நூலாக எழுதினார். கிரேக்க மொழியில் அதற்கு மனப்பிளவு என்று பொருள். எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றுக்கு இடையே இருக்க வேண்டிய இணைப்பு தளர்ந்துபோவதையே அவர் பிளவு என்றார். அழிவைக் குறித்த பெயரை விலக்குவதற்காகப் பிறந்த சொல் அது. அதைத் தமிழாக்கியவர்கள், அவர் விலக்கிய அழிவை ‘சிதைவு’ என்று திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நூறாண்டுக்கு முன் ஒரு மருத்துவர் தன் நோயாளிகளின் தலையிலிருந்து இறக்கிவைத்த பாரத்தை நாம் நம் பிள்ளைகளின் தலையில் ஏற்றியிருக்கிறோம்.

அழிவு என்பது மருத்துவ உண்மையாகவும் இல்லை. உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாகவும், அவர்களில் மூவரில் ஒருவராவது முழுமையாக மீள முடியும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சென்னையிலேயே, 1980களின் தொடக்கத்தில் முதன்முறையாக இந்த நோய்க்கு ஆளான 90 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கவனித்த ஆய்வு உலகெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது; பத்தாண்டு முடிவில் அவர்களில் கணிசமானோர் நல்ல நிலையில் இருந்ததை அது பதிவுசெய்தது. மருத்துவர் சாரதா மேனனும் மற்றவர்களும் 1984இல் சென்னையில் ஸ்கார்ஃப் என்ற ஸ்கிசோஃப்ரீனியா ஆய்வு அமைப்பைத் தொடங்கியதே, இந்த நோயாளிகள் வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்ப முடியும் என்ற நம்பிக்கையில்தான். என் தம்பி அரிசி, பருப்பு, எண்ணெய் என்று கடையிலுள்ள சரக்குகளின் அன்றைய விலையைச் சீட்டைப் பார்க்காமல் சொல்வான். சிதைந்த மனம் அதைச் செய்யாது.

பெயரை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஜப்பானைக் காட்ட விரும்புகிறேன். அங்கும் இந்த நோய்க்கு ‘மனம் பிளந்த நோய்’ என்று பொருள்படும் பெயரே வழங்கிவந்தது. அந்தப் பெயரை மாற்றும்படி 1993இல் மருத்துவர் சங்கத்திடம் கேட்டவர்கள் நோயாளிகளின் குடும்பத்தார். ஏறத்தாழ பத்தாண்டு விவாதத்துக்குப் பிறகு, 2002இல், ஒருங்கிணைவில் ஏற்படும் கோளாறு என்று பொருள்படும் ‘தோகோ ஷிச்சோ ஷோ’ என்ற பெயர் ஏற்கப்பட்டது. இங்கே ஒரு கணக்கை நீங்கள் பார்க்க வேண்டும். 2002இல் நோயின் பெயர் சொல்லப்பட்ட நோயாளிகள் சுமார் 37 விழுக்காடாகவே இருந்தார்கள். 2004இல் அது சுமார் 70 விழுக்காடாக உயர்ந்தது. மருத்துவர்களுக்கு அதுவரை வாய் வராமல் இருந்ததற்குப் பழைய பெயரும் ஒரு காரணம். தம்பியின் நோட்டில் பதினேழு ஆண்டுகள் ‘எஃப் 20’ என்று மட்டும் எழுதியவர்களையும் நான் இப்போது அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். தென்கொரியாவும் ஏறத்தாழ பத்தாண்டில் ஜப்பானைப் பின்பற்றி நோயின் பெயரை மாற்றியது. நரம்பிசைக் கருவியின் தந்தியைச் சுருதி கூட்டுவதிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார்கள். தந்தி தளர்ந்தால் மீண்டும் முறுக்கிச் சுருதி சேர்க்கலாம். வீணையும் தம்பூராவும் தெரிந்த நமக்கு அது தோன்றாமல் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தைவானும் 2014இல் பெயரை மாற்றிக்கொண்டது.

நோயின் பெயரோடு குறை நின்றுவிடவில்லை. அறிகுறிகளைக் கேட்டறியும் படிவத்தில் ‘மாயத்தோற்றம் ஏற்படுகிறதா?’ என்று ஒரு கேள்வி இருந்தது. தம்பி ‘இல்லை’ என்று குறியிட்டான். அவன் பொய் சொல்லவில்லை. தோற்றம் என்றால் கண்ணுக்குத் தெரிவது. அவனுக்கு எதுவும் தெரிவதில்லை, கேட்கத்தான் செய்யும். இரண்டு ஆண் குரல்கள் அவன் செய்வதையெல்லாம் கிரிக்கெட் வர்ணனைபோலச் சொல்லிக்கொண்டே இருக்கும். இந்த நோயில் பெரும்பாலோருக்கு வருவது குரல்தான் என்பதை மருத்துவம் அறிந்தவர்கள் உங்கள் குழுவிலேயே இருப்பார்கள்; அப்படியிருக்க, கண்ணுக்குரிய சொல்லைக் காதுக்கு வைத்தது எப்படி? அடுத்த கேள்வியில் ‘மருட்சி உண்டா?’ என்று இருந்தது. நடக்காததை நடப்பதாக உறுதியாக நம்புவதைப் பற்றிய கேள்வி அது. ஆனால் மருட்சி என்றால் கேட்பவருக்கு அச்சம், மிரட்சி என்றே படும். மருண்ட பார்வை என்று மானுக்குச் சொல்வோம். எதிர்வீட்டுக்காரர் தன் யோசனைகளைத் திருடுகிறார் என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தவனுக்கு அச்சம் எதுவும் இல்லை, கோபம்தான் இருந்தது. அதற்கும் ‘இல்லை’ என்றே குறியிட்டான். இரண்டு ‘இல்லை’களையும் பார்த்த இளம் மருத்துவர், நோய் கட்டுக்குள் இருப்பதாக எழுதி மருந்தின் அளவைக் குறைத்தார். படிவத்தை நம்பியவரை நான் எப்படிக் குறைசொல்வேன்? ‘பக்கத்தில் யாரும் இல்லாதபோது பேச்சுக்குரல் காதில் விழுகிறதா?’ என்று கேட்டிருந்தால் அவன் ஆமாம் என்றிருப்பான். பின்னொரு நாள் ஒரு செவிலியர் அப்படித்தான் கேட்டார். அவனும் உடனே ஆமாம் என்றான்.

என் தாயாரின் கதை வேறு. அப்பா இறந்து ஓராண்டு ஆன பிறகும் அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். உணவு குறைந்தது, உறக்கம் விடியற்காலை மூன்று மணிக்கே கலைந்தது, பேரப்பிள்ளைகள் வந்தாலும் முகம் மலரவில்லை. சுகாதார நிலையத்தில் பரிசோதித்து, சீட்டில் ‘மன அழுத்தம்’ என்று எழுதி மாத்திரை கொடுத்தார்கள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். அழுத்தம் என்றால் அவருக்கு இரத்த அழுத்தம்தான். “ஏட்டி, எனக்கு பிரஷர்னு எழுதிருக்காவ” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அன்றே உப்பை நிறுத்தினார். நான் வேலை நிமித்தம் வெளியூரில் இருந்த நான்கு மாதமும் உப்பில்லாத கஞ்சியைக் குடித்திருக்கிறார். ஏற்கெனவே பசியில்லாத உடம்பு அதனால் இன்னும் இளைத்தது. ஒருநாள் மருந்துக்கடையில் கருவி வைத்துப் பார்த்தபோது 120/80 என்று காட்டியிருக்கிறது. பிரஷர் இறங்கிவிட்டது என்று மகிழ்ந்து மாத்திரையையும் நிறுத்திவிட்டார். விடுமுறையில் நான் வந்து பார்த்தபோது, பேசவும் மனமில்லாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தார். இதையெல்லாம் எழுதும்போது என் மீதும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தச் சீட்டை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருந்தார்கள், நானும் ‘மன அழுத்தம்’ என்று படித்துவிட்டு, கவலை குறைந்தால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

அப்படி நினைத்ததற்குக் காரணம் உண்டு. தேர்வு நேரத்தில் மாணவருக்கு வருவதையும், அலுவலகத்தில் வேலைப்பளுவால் வருவதையும், உயிரையே கேட்கும் ஒரு நோயையும் நாம் ஒரே சொல்லால் குறித்துக்கொண்டிருக்கிறோம். ‘மன அழுத்தம் நீங்க யோகா செய்யுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள்’ என்று சுவரொட்டி சொல்லும்போது, அதே சொல்லைத் தாங்கிய சீட்டை வைத்திருப்பவருக்கு மாத்திரை எதற்கு என்று உறவினர்கள் கேட்கத்தான் செய்வார்கள். இந்தக் குழப்பம் தமிழுக்கு இயல்பானதன்று. ஈழத்துத் தமிழர் இதை எப்போதோ தீர்த்துவைத்திருக்கிறார்கள். அவர்கள் வாழ்க்கைச் சூழலின் நெருக்குதலை ‘நெருக்கீடு’ என்றும், நோயாக வருவதை ‘மனச்சோர்வு’ என்றும், போரும் இழப்பும் உள்ளத்தில் விட்டுச்சென்றதை ‘மனவடு’ என்றும் பிரித்து வழங்குகிறார்கள். ஆற்றுப்படுத்தும் பணிக்கு ‘உளவளத்துணை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே விளக்கியாக வேண்டிய கட்டாயத்தில் இருந்தார்கள். ‘வடு’ என்ற சொல்லைக் கேட்டுப் பாருங்கள்: காயம் பட்டது உண்மை, ஆறியதும் உண்மை, தழும்பு நிற்பதும் உண்மை. இப்படி ஒரு சொல்லை எந்த அகராதியையும் பார்க்காமல் பாட்டியிடம் விளக்கலாம். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் காலத்திலிருந்து அந்த மண்ணுக்கு இதில் பழக்கம் உண்டு. உங்கள் படிவங்களில் அவர்களுடைய சொற்களில் ஒன்றையும் நான் காணவில்லை. ‘மனச்சோர்வு’ நம் பாடநூல்களிலும் இருக்கிறது. சோர்வு என்றால் வெறும் அசதி என்று தோன்றிவிடுமோ என்ற தயக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தச் சொல்லைப் படித்து எவரும் உப்பை நிறுத்த மாட்டார்கள்.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம்பியின் உதவித்தொகை விண்ணப்பத்தில் ஓர் அலுவலகத்தில் அவனை ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று பதிந்துவிட்டார்கள். அவன் கணிதத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவன். மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு என்பதை 2017ஆம் ஆண்டின் சட்டமே பிரித்துச் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளிலும் இவை தனித்தனி. தமிழ்ப் படிவத்தில் மட்டும் இரண்டுக்கும் முன்னால் ‘மனம்’ என்று போட்டுவிட்டதால், எழுதுகிற எழுத்தருக்கு வேறுபாடு தெரியவில்லை. அந்த ஒரு வரியைத் திருத்த எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று. அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரும் இதே குழப்பத்தால் மனநோய்ப் பிரிவின் வாசலில் காத்துக்கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எந்தச் சொல்லைக் கொண்டுவந்தாலும் நாளடைவில் அதுவும் வசையாகிவிடும் என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். அதில் உண்மை இருப்பதை நான் அறிவேன். ‘பைத்தியம்’ என்பதே பித்தம் மிகுந்ததால் வரும் நோய் என்ற மருத்துவக் கருத்திலிருந்து வந்த சொல்தான். இன்று அது என்னவாயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. 1794இல் சென்னையில் தொடங்கிய மனநலக் காப்பகம் எத்தனையோ பெயர் மாறி இன்று பெரும் மருத்துவக் கல்வி நிலையமாக இருக்கிறது. ஆனால் அது அமைந்திருக்கும் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே நாம் கேலிச்சொல்லாக்கிவிட்டோம். என் வகுப்பிலேயே பிள்ளைகள் ஒருவரையொருவர் அப்படிச் சொல்ல, நான் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். ஆயினும் இந்த வாதம் சொல்லை மாற்ற வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது. வசையாகும்வரைக்குமாவது ஒரு தலைமுறை நோயாளிகள் தங்கள் அட்டையைத் தாங்களே வாசிக்க முடியும். மேலும், ‘சிதைவு’ என்ற சொல்லில் இழிவை வெளியிலிருந்து எவரும் கொண்டுவந்து ஏற்ற வேண்டியதில்லை. அது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்ட நிலையில் தீயில் சிக்கி 28 பேர் இறந்தார்கள். இனி இவர்களிடம் ஏதும் மிச்சமில்லை என்று நம்பிய பிறகே ஒருவரைச் சங்கிலியில் கட்ட மனம் வரும். அந்த நம்பிக்கையை அரசு அச்சிட்ட தாளிலிருந்து எவரும் பெறக்கூடாது.

மக்கள் பழகிய சொல்லை மாற்ற இயலாது என்ற வாதமும் இந்த மாநிலத்தில் எடுபடாது. ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை விலக்கி ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லை முதலமைச்சராக இருந்த கலைஞர் கருணாநிதி கொண்டுவந்தார். பேருந்து இருக்கையிலிருந்து அரசாணைவரை சில ஆண்டுகளில் அது பரவிவிட்டது. 2022இல், சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் நடந்துவந்த வழக்கின் தொடர்ச்சியாக, பாலினத்திலும் பாலீர்ப்பிலும் பெரும்பான்மையினரிடமிருந்து வேறுபட்ட பால்புதுமையினர் உள்ளிட்டோரை மதிப்போடு குறிக்க வேண்டிய சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு அரசிதழிலேயே வெளியிட்டது. அந்தப் பட்டியலுக்கு அந்தச் சமூகத்தவரிடமும் கருத்துக் கேட்கப்பட்டது என்பதே அதன் சிறப்பு. ‘காக்காய் வலிப்பு’ என்பது கால்கை வலிப்பின் திரிபு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, நானே என் வகுப்பில் எத்தனையோ மாணவர்களின் நாவைத் திருத்தியிருக்கிறேன். முடியும்.

ஆகவே, பின்வருவனவற்றை உங்களிடம் கேட்கிறேன். தொடர்சிகிச்சை அட்டையின் மேலட்டையிலிருந்து நோயின் பெயரை உடனே நீக்குங்கள். உள்பக்கத்தில், மருத்துவரும் நோயாளியும் பார்க்கும் இடத்தில் அது இருந்தால் போதும். ‘மனச்சிதைவு’ என்ற சொல்லை இனி அச்சிடப்படும் எந்தப் படிவத்திலும் பயன்படுத்தாதீர்கள். அதற்கு மாற்றான சொல்லை முடிவுசெய்ய, மருத்துவர்களும் தமிழறிஞர்களும் மட்டும் இல்லாமல், இந்த நோயோடு வாழ்பவர்கள், அவர்களைப் பராமரிப்பவர்கள், புறநோயாளர் பிரிவில் நாள்தோறும் கேள்வி கேட்கும் செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள், ஈழத்து உளநலத் துறையினர் ஆகியோரையும் கொண்ட குழுவை அமைத்து, ஆறு மாதத்துக்குள் முடிவை அறிவியுங்கள். ‘மன இசைவுக் குறைபாடு’ என்பது எனக்குத் தோன்றிய ஒரு சொல்; அதையே ஏற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பொருந்தும் சொல் கிடைக்கும்வரை ‘ஸ்கிசோஃப்ரீனியா’ என்று தமிழ் எழுத்திலேயே எழுதுங்கள். பொருள் தெரியாத பெயர், தவறான பொருள் தரும் பெயரைவிடத் தீங்கு குறைந்தது.

மனச்சோர்வு நோய்க்கு ‘மன அழுத்தம்’ என்று எழுதுவதை நிறுத்தும்படி எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். விழிப்புணர்வுச் சுவரொட்டிகளிலும் இந்த வேறுபாட்டைக் கடைப்பிடியுங்கள். அறிகுறிகளைக் கேட்கும் கேள்விகளைக் கலைச்சொல்லால் கேட்காமல் பேச்சுத்தமிழுக்கு நெருங்கிய முழு வாக்கியங்களால் கேளுங்கள். அச்சிடுவதற்கு முன், திருநெல்வேலியிலும் தருமபுரியிலும் தஞ்சாவூரிலும் உள்ள நோயாளிகளிடம் அவற்றை வாசித்துக் காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். விண்ணப்பங்களில் மனநோயையும் அறிவுசார் குறைபாட்டையும் வெவ்வேறு பக்கத்தில், வெவ்வேறு சொற்களால் வையுங்கள். தவறாகப் பதிவானதை மீண்டும் மருத்துவக் குழுவின் முன் அலையவிடாமல் முப்பது நாளில் திருத்த வழி செய்யுங்கள்.

தம்பி ஆவணி முதல் மீண்டும் கடைக்குப் போகிறான். அட்டையை எடுத்துச் செல்ல மறுத்தவன், ஒருநாள் கடையில் விலை ஒட்டும் வெள்ளைச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து அந்தச் சொல்லின் மேல் ஒட்டிவிட்டு, “இப்பம் வாரேன்” என்றான். சென்ற மாதம் மருந்து வழங்கும் இடத்தில், அட்டையில் எதையும் ஒட்டக்கூடாது, அதை உரித்தால்தான் மாத்திரை தருவோம் என்றார்கள். அரை மணி நேரம் மன்றாடிய பிறகே தந்தார்கள். புதிய அட்டை அச்சாகி வரும்வரை, இப்படி மறைத்து ஒட்டிய அட்டையோடு வரும் எந்த நோயாளிக்கும் மருந்தை மறுக்கக் கூடாது என்ற உத்தரவை இந்த மாதமே அனுப்புங்கள். அவனுடைய அடுத்த முறை வரும் புதன்கிழமை.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்